பாடசாலையில் தலைமை யாருடையது? யாழ்ப்பாணத்து அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

பாடசாலை நிருவாகம் பற்றிய இன்றைய உரைகளில் 'பகிரப்பட்ட தலைமை' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகின்றது. அதிபர் ஒருவரே எல்லா முடிவுகளையும் எடுத்தல் பொருந்தாது. ஆசிரியரும் மாணவரும் பொறுப்பிலே மாத்திரமன்றி அதிகாரத்திலும் பங்குபெறல் வேண்டும் என்பதே இத்தொடரின் சாரமாகும். கருத்தளவில் இதனை மறுப்போர் மிகச் சிலரே. ஆயினும், கருத்தளவில் எவரும் மறுக்காத ஒன்று நடைமுறையில் ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவை இத்தொடரைக் கையாள்வோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தலைமையைப் பகிர்ந்துகொள்ளல் என்பதை அவர்கள் ஒரு முகாமைத்துவ நுட்பமாகவே காண்கின்றனர். நல்ல அதிபர் ஒருவர் மனம் வைத்தால் அது கைகூடும் என்பது அவர்தம் எண்ணம்.

நாம் இதனை மனம்பற்றிய பிரச்சினையாகக் கொள்ளவில்லை. பாடசாலை யாருக்குச் சொந்தமாய் இருந்தது, ஆசிரியருக்கு ஊதியம் கொடுத்தவர் யார், அவரை விலக்கும் உரிமை யார் கையிலிருந்தது, வகுப்பறையில் யார் வாங்கிலும் யார் தரையிலும் இருந்தனர் என்பன போன்ற வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தலைமை பற்றிப் பேசுதல் இயலும். ஆகவே இது வரலாற்றுப் பிரச்சினையாகும். இக்கட்டுரை யாழ்ப்பாணக் குடாநாட்டினை எடுத்துக்கொண்டு, 1924 இல் மாணவர் காங்கிரஸ் தோன்றியது முதல் 1960 - 61 இல் பாடசாலைகள் அரசினால் சுவீகரிக்கப்பட்டது வரையிலான காலப்பகுதியைச் சிறப்பாக நோக்க முற்படுகின்றது. ஆசிரியரும் மாணவரும் உண்மையிலேயே கூட்டாகத் தலைமை தாங்கிய ஒரு கட்டம் நமது வரலாற்றில் இருந்தது. அது பாடசாலைக்கு உள்ளே நிகழவில்லை, வெளியிலேயே நிகழ்ந்தது. ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியதாகும்.

2

யாழ்ப்பாணத்தின் நவீன கல்வி மிஷனரிமாரின் முயற்சியோடு தொடங்கியது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனும், வெஸ்லியன், அங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகளும் கிராமந்தோறும் பள்ளிக்கூடங்களை அமைத்தன. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் 'பெறுபேற்றின்படி கொடை' என்னும் முறை புகுத்தப்பட்டது. இம்முறையின் இயக்கம் எளிமையானது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிலே பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்ப அரசாங்கம் பணம் கொடுக்கும். பணம் செல்வது ஆசிரியரிடமன்று, முகாமையாளரிடமே. முகாமையாளர் அதிலிருந்து ஆசிரியருக்கு ஊதியம் வழங்குவார்.

இந்த ஏற்பாட்டினால் வகுப்பறை உறவுகள் எவ்வாறு அமைந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிள்ளையின் விடை ஆசிரியரின் ஊதியமாயிற்று. ஆசிரியரின் உழைப்பு முகாமையாளரின் வரவாயிற்று. பிள்ளை தவறினால் ஆசிரியர் அஞ்சினார்; ஆசிரியர் அஞ்சியதனாற் பிள்ளை அடிபட்டது. நமது கல்வி மரபிலே பிரம்புக்குக் கிடைத்த இடத்தினைப் பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளியின் எச்சமாக மாத்திரம் விளக்குவோர் இவ்வுண்மையைக் கவனிப்பதில்லை. பெறுபேற்றின்படி கொடை கொடுக்கும் முறை பிற்காலத்திற் கைவிடப்பட்டதாயினும், அது வளர்த்த உறவு எளிதில் மறையவில்லை.

மிஷனரிக் கல்விக்கு எதிராக எழுந்த சைவ இயக்கம் இவ்வுறவினை மாற்றியதா என்பது அடுத்த வினா. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1923 இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றிப் பெருந்தொகையான பாடசாலைகளைத் தன் முகாமையின்கீழ்க் கொணர்ந்தது. மதமாற்றத்திலிருந்து பிள்ளைகளைக் காத்ததும், தமிழும் சைவமும் பாடசாலையில் இடம்பெறச் செய்ததும் இவற்றின் பேறுகளாம். எனினும் முகாமையாளர் என்னும் தாபனம் அப்படியே இருந்தது. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் முகாமையின் உரிமையாகவே தொடர்ந்தன. பாடசாலையின் சமயம் மாறியதேயன்றி அதன் அதிகார அமைப்பு மாறவில்லை.

ஆங்கிலக் கல்லூரிகளில் மாணவருக்கு ஒருவகைத் தலைமை வழங்கப்பட்டது. அதுவே மாணவ முதல்வர் முறை. இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளிலிருந்து பெறப்பட்ட இம்முறையின்படி, அதிபர் சில மாணவரைத் தெரிந்து சின்னம் அணிவித்து, ஏனைய மாணவரை ஒழுங்குபடுத்தும் பணியை அவர்களிடம் ஒப்படைப்பார். இது பகிர்வன்று, ஒப்படைப்பே. மாணவ முதல்வர் மாணவரின் பிரதிநிதியாக அதிபரிடம் செல்பவரல்லர்; அதிபரின் பிரதிநிதியாக மாணவரிடம் வருபவர். கீழோரிலிருந்து சிலரைத் தெரிந்து கீழோரை ஆளச் செய்த குடியேற்ற ஆட்சி முறையின் சிறு வடிவத்தினை இங்கே காண்கின்றோம்.

3

இத்தகைய சூழலில் 1924 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் என்னும் அமைப்பு உருவாயிற்று. பின்னர் இது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. இதன் முதன்மையான உந்துசக்தியாய் விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் (1899 - 1977) யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். பெயரளவில் மாணவர் அமைப்பாயினும், ஆசிரியரும் மாணவரும் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞரும் ஒருங்கே கூடிய அரங்காகவே இது செயற்பட்டது.

இவ்வமைப்பின் வேலைத்திட்டம் அன்றைய நிலையிலே துணிச்சலானது. இலங்கைக்குப் பூரண சுயராச்சியம், தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக்குக் கல்வியில் உரிய இடம், தமிழர் சிங்களத்தையும் சிங்களவர் தமிழையும் கற்றல் என்பன அதன் குறிக்கோள்களாயிருந்தன. இந்தியாவின் தேசிய இயக்கம், சிறப்பாகக் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம், இவ்விளைஞரைப் பெரிதும் கவர்ந்திருந்தது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தமை காங்கிரசின் அழைப்பின் பயனேயாம். 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் விடுத்த அறைகூவல் பெருவெற்றி கண்டது. வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை; 1934 வரை அவை வெற்றிடமாகவே கிடந்தன. சர்வசன வாக்குரிமை அளித்த திட்டத்தை, அது பூரண சுயராச்சியம் அன்று என்ற காரணத்தால் ஒதுக்கியது சரியா என்ற விவாதம் இன்றும் தொடர்கின்றது. இங்கு நமக்கு முக்கியமானது வேறொன்று. குடாநாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட ஓர் அரசியல் முடிவிற்கு ஆசிரியரும் மாணவரும் முன்னின்று வழிகாட்டினர் என்பதே அது.

வழக்கறிஞரும் நிலவுடைமையாளரும் தலைமை தாங்கிய ஒரு சமூகத்திலே ஆசிரியர் எவ்வாறு இந்நிலையினை எய்தினர்? இதற்குச் சமூகவியற் காரணம் ஒன்றுண்டு. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினருட் பெரும்பகுதியினர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் கொழும்பிலும் மலாயாவிலும் பணியாற்றிய அவர்களுக்கு அரசியலிலே வெளிப்படையாக ஈடுபடும் உரிமை இருக்கவில்லை. ஆனால் உதவி நன்கொடை பெறும் பாடசாலையின் ஆசிரியர் அரசாங்க ஊழியரல்லர். முகாமையாளர் அவரை எந்நேரமும் நீக்கலாம் என்பது உண்மையே. எனினும் முகாமையாளர் பொறுத்துக்கொள்ளும்வரை அவர் பேசலாம், எழுதலாம், மேடையேறலாம். ஆசிரியரின் பாதுகாப்பின்மையும் அவரின் சுதந்திரமும் ஒரே மூலத்திலிருந்து தோன்றின. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது காங்கிரசைத் தனிமனிதர் சிலரின் உயர்பண்பினால் மாத்திரம் விளக்குதல் போதாது.

வகுப்பறையில் ஆசிரியர் முகாமையின் ஊழியர். மாணவர் அவ்வூழியரின் ஆணைக்கு உட்பட்டவர். காங்கிரஸ் மாநாட்டிலோ இருவரும் ஒரே தீர்மானத்தை முன்வைத்து விவாதிக்கும் உறுப்பினராயினர். பாடசாலைக்குள்ளே இடமில்லாத உறவு பாடசாலைக்கு வெளியே, ஒரு பொது நோக்கத்தின் பொருட்டு உருவாயிற்று. கற்பிப்போரும் கற்கவேண்டியவரே என்றும், சூழலை மாற்றும் செயலிலேயே மனிதர் தம்மையும் மாற்றிக்கொள்கின்றனர் என்றும் மார்க்ஸ் 1845 இல் வற்புறுத்திய கருத்தினை அறிந்திராத இளைஞர்கூட, நடைமுறையில் அதனை உணர்ந்தனர் எனலாம்.

4

காங்கிரசின் கொள்கைக்கு மிகக் கடுமையான சோதனை அரசியற்றிட்டத்திலன்று, வாங்கிலேயே வந்தது.

ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் ஏனைய பிள்ளைகள் வாங்கிலிருக்க, இவர்கள் தரையில் இருத்தப்பட்டனர். அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற பணிப்பினை 1920களின் இறுதியிலே கல்வித் திணைக்களம் விடுத்தது. இதனை எதிர்த்து உயர்சாதியினர் கிளர்ந்தெழுந்தனர். பெற்றார் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தனர், மனுக்கள் அனுப்பப்பட்டன, சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் இருப்பதனிலும் பாடசாலை எரிந்துபோவது மேல் என எண்ணிய சமூகமொன்றிலேயே காங்கிரஸ் சம ஆசனத்தை ஆதரித்து நின்றது. தன் கூட்டங்களிலே சமபோசனத்தையும் நடைமுறைப்படுத்தியது. 'சமாசனம், சமபோசனம்' என்பன அக்காலத்தில் வெறும் சுலோகங்களல்ல. அவற்றைச் சொன்னவர் தம் உறவினரின் வீடுகளிலே முகங்கொடுக்கவேண்டிய சொற்கள்.

இந்நிகழ்ச்சி நமது பொருளுக்கு மிக நெருக்கமான பாடமொன்றைத் தருகின்றது. பாடசாலை நிருவாகத்திலே பெற்றாரும் ஊராரும் பங்குபெறல் வேண்டும் எனக் கூறுவோர், 'சமூகம்' என்பதனைப் பிளவுகளற்ற ஒன்றாகக் கொள்கின்றனர். யாழ்ப்பாணத்திலே பாடசாலைகளை எரித்தோரும் சமூகத்தினரே. அவர்களுக்குப் பாடசாலையின் தலைமையிலே பங்கிருந்தது. தரையிலிருந்த பிள்ளைகளின் பெற்றாருக்கு இருக்கவில்லை. உள்ளூர் உடைமையாளரின் கூட்டுத் தலைமை ஒடுக்கப்பட்டோருக்கு மறுத்ததனை, அந்நிய அரசின் தொலைதூரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையால் வழங்க முற்பட்டது. குடியேற்ற ஆட்சியைப் போற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. அவ்வாட்சி நெடுங்காலம் சாதி அமைப்போடு ஒத்தோடியமை யாவரும் அறிந்ததே. 'பகிர்தல்' என்னும் சொல் தன்னளவில் எதனையும் உணர்த்தாது, யாருக்கிடையே பகிர்தல் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

காங்கிரசின் வரையறைகளும் இவ்விடத்தில் நோக்கத்தக்கன. அதன் தலைமை ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்தினரிடமே இருந்தது, பெரும்பாலானோர் உயர்சாதியினர். கிராமத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர், ஆங்கிலக் கல்லூரி ஆசிரியரிலும் மிகக் குறைந்த ஊதியத்தோடு முகாமையாளரின் நேரடிப் பார்வையின்கீழ் வாழ்ந்தவர், இவ்வரங்கின் மையத்துக்கு வரவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலையை அது உளமார விரும்பியது. ஆனால் அவர்களைத் தலைமையிற் சேர்த்துக்கொண்ட இயக்கமாக வளரவில்லை. அம்மக்கள் தமக்கெனத் தனித்த அமைப்புக்களை நாடவேண்டியதாயிற்று. 1927 இல் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் தோன்றியது. 1940களிலே சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவாயிற்று. தமது பிள்ளைகளுக்கான பாடசாலைகளைத் தோற்றுவிப்பது இம்மகாசபையின் தலையாய பணிகளுள் ஒன்றாயிருந்தது. பிறர் பாடசாலையில் தரை மாத்திரமே கிடைத்தமையால் தம் பாடசாலையைத் தாமே அமைக்க முனைந்தனர். பகிரப்பட்ட தலைமைக்கு இதனிலும் தெளிவான உதாரணத்தினை நமது கல்வி வரலாற்றிற் காண்டல் அரிது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேதான் வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1934 இன் பின் வாலிபர் காங்கிரஸ் நலிந்தது. இனவாரி அரசியல் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. அது விட்டுச்சென்ற நினைவு பெரியது. விட்டுச்சென்ற அமைப்போ சிறியது. எந்தப் பாடசாலையிலும் ஆசிரியரும் மாணவரும் இருந்து முடிவெடுக்கும் ஒரு மன்றத்தினையோ விதியையோ அது உருவாக்கவில்லை. முகாமையாளரின் கதிரையை அது தொடவில்லை.

5

அக்கதிரையைத் தொட்டவை இரு நிகழ்ச்சிகள். முதலாவது, 1943 இல் வெளிவந்த விசேட கல்விக் குழுவின் அறிக்கையும், அதனையொட்டி 1945 ஒக்ரோபர் முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியுமாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இச்சீர்திருத்தம் உதவி நன்கொடைப் பாடசாலைகளின் உள்முரண்பாட்டினை வெளிக்கொணர்ந்தது. ஆசிரியரின் ஊதியத்தை அரசு, அதாவது மக்களின் வரிப்பணம், கொடுத்தது. ஆசிரியரை நியமிக்கும் உரிமையோ தனியார் முகாமையிடமே இருந்தது. பணம் பொதுவினது, அதிகாரம் தனியாரது என்ற இந்நிலை நெடுங்காலம் நீடித்திருத்தல் இயலாது.

ஆசிரியர் சங்கங்கள் இக்கட்டத்திலேயே வலுப்பெற்றன. வட மாகாண ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புக்களிலே ஊதியம், சேவைப் பாதுகாப்பு, முகாமையின் தன்னிச்சையான நீக்கங்கள் என்பன பொதுப் பிரச்சினைகளாக விவாதிக்கப்பட்டன. இடதுசாரிக் கட்சிகள் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதும் பெருமளவிற்கு ஆசிரியர் வாயிலாகவேயாம். யாழ்ப்பாண இந்துக் கல்லூரியிலே பணியாற்றிய மு. கார்த்திகேசன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பகலிலே வகுப்பறையிலும் மாலையிலே அரசியல் வகுப்பிலும் ஒரே இளைஞரைச் சந்தித்த ஆசிரியர் ஒரு புதிய வகையினர். 1950களிலும் 1960களிலும் ஈழத்து முற்போக்கு இலக்கியத்தை வளர்த்தோருள் ஆசிரியரின் தொகை குறிப்பிடத்தக்கதாயிருந்தமையை இதனோடு இணைத்தே விளக்கல் வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி பாடசாலைச் சுவீகரிப்பு. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசின் கையிற் சேர்த்தன. கத்தோலிக்கப் பெற்றார் பல இடங்களிற் பாடசாலைகளுக்குள்ளே புகுந்து தங்கி எதிர்ப்புக் காட்டினர். 1961 சனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிரேஷியஸ் வந்து இணக்கம் காண உதவினார். யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி போன்றவை கட்டணமும் அறவிடாது அரச உதவியும் பெறாது தனியார் பாடசாலைகளாகத் தொடர்ந்தன. ஏனைய பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின.

சுவீகரிப்பு முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. மதத்தின் பெயரால் ஆசிரிய நியமனத்தை மறுக்கும் நிலை ஒழிந்தது. முகாமையாளரின் வீட்டுப் படலையிலே காத்துநின்ற ஆசிரியர் நிரந்தர ஊழியரானார். பாடசாலைக் கதவு சாதியின் பெயராலே சாத்தப்படுவது முன்னரிலும் கடினமாயிற்று. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் முற்போக்காளராகிய நாம் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். முகாமையாளரின் கதிரை அகற்றப்படவில்லை. கல்விக் கந்தோருக்கு மாற்றப்பட்டது. நீக்கம் என்ற ஆயுதம் போய் இடமாற்றம் என்ற ஆயுதம் வந்தது. நியமனத்துக்கும் இடமாற்றத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினரின் தயவை நாடும் வழக்கம் வளர்ந்தது. அரச ஊழியரான ஆசிரியர் அரச ஊழியருக்குரிய அரசியற் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டார். முன்னர் பாதுகாப்பின்றிச் சுதந்திரமிருந்தது. இப்போது பாதுகாப்பு இருந்தது, சுதந்திரம் சுருங்கியது.

மாணவரைப் பொறுத்தவரை மாற்றமே இல்லை எனலாம். சுவீகரிக்கப்பட்ட கல்லூரிகளிலே முகாமைச் சபை மறைந்தது. மாணவ முதல்வரின் சின்னம் மறையவில்லை. உடைமை மாறியும் ஆளும் முறை மாறாமைக்கு இச்சிறு உலோகத் துண்டினைக் காட்டிலும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

6

உடைமையையும் ஆளும் முறையையும் ஒருங்கே மாற்ற முனைந்த அனுபவம் உலக வரலாற்றில் உண்டா என்ற வினா இங்கு இயல்பாக எழுகின்றது. ஒப்புநோக்குக்காக ருஷ்யப் புரட்சியின் முதலாண்டினைக் குறிப்பிடலாம். 1918 ஒக்ரோபரில் வெளியிடப்பட்ட ஒருமித்த தொழிற் பாடசாலை பற்றிய விதிமுறை, பாடசாலையின் பொறுப்பினைப் பாடசாலை மன்றமொன்றிடம் ஒப்படைத்தது. அப்பாடசாலையின் ஊழியர் யாவரும் அதன் உறுப்பினர். ஊழியர் தொகையின் காற்பங்கினராக அவ்வட்டாரத்து உழைக்கும் மக்களின் பிரதிநிதிகளும், அதேயளவினராக 12 வயதுக்கு மேற்பட்ட மாணவரும் அதில் இடம்பெற்றனர். கல்விப் பகுதியின் பிரதிநிதி ஒருவரும் இருந்தார். தண்டனை, வீட்டுப்பாடம், பரீட்சை என்பன ஒழிக்கப்பட்டன. கல்வி மக்கள் ஆணையாளராயிருந்த லூனசார்ஸ்கியும் குரூப்ஸ்கயாவும் இம்முயற்சியின் முன்னோடிகள்.

இவ்வேற்பாடு நிலைக்கவில்லை. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் பாடசாலைகளைச் சீர்குலைத்தன. பழைய ஆசிரியருட் பலர் ஒத்துழைக்க மறுத்தனர். 1920களிலேயே பாடசாலைத் தலைவரின் அதிகாரம் மீண்டும் வலுப்பெற்றது. துரித கைத்தொழிலாக்கம் பயிற்சிபெற்ற தொழில்நுட்பவியலாளரை வேண்டி நின்றபோது, 1931, 1932 ஆம் ஆண்டுகளின் கட்சித் தீர்மானங்கள் ஒழுங்கான பாடம், ஆசிரியரின் முதன்மை, இயக்குநரின் தனிப்பொறுப்பு என்பனவற்றை வற்புறுத்தின. பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் போதிய அளவு கல்லாது வெளியேறுகின்றனர் என்ற குறைபாடு பொய்யன்று. ஆனால் அக்குறையைத் தீர்ப்பதற்கு மாணவரின் குரலையும் அடக்கவேண்டியதில்லை. மாணவர் சுயநிருவாகத்தைக் கோட்பாட்டளவில் விரித்துரைத்த பிஸ்திராக் 1937 இல் மரணதண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார் என்பதை மார்க்சியர் மறைத்தலாகாது. எதிர்த்தரப்பினரின் வாயிலிருந்து கேட்பதனிலும் நாமே கூறுதல் நன்று.

யாழ்ப்பாணத்திலே இயக்கம் இருந்தது, அதற்குரிய அமைப்பு பாடசாலைக்குள் இருக்கவில்லை. ருஷ்யாவிலே அமைப்புச் சட்டத்தால் வழங்கப்பட்டது, அதனைக் காத்துநிற்கும் இயக்கம் கீழிருந்து வலுப்பெறுமுன் மேலிருந்து மீளப்பெறப்பட்டது. இவ்விரு அனுபவங்களையும் ஒருசேர வைத்து நோக்கின், உடைமை மாற்றம் தேவையானது ஆனால் போதியதன்று என்பதும், விதி தேவையானது ஆனால் போதியதன்று என்பதும் புலனாகும்.

7

சுவீகரிப்புக்குப் பிந்திய காலத்திலே ஆசிரியரும் மாணவரும் தம் குரலை ஒலிக்கச் செய்த சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் எதிர்ப்பின் சந்தர்ப்பங்களேயாம். 1981 இன் கல்வி வெள்ளை அறிக்கையைத் தென்னிலங்கையில் ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். அது சட்டமாகவில்லை, ஆயினும் கொத்தணிப் பாடசாலை முறை போன்ற அதன் கூறுகள் நிருவாக வழியிற் புகுத்தப்பட்டன. 2021 யூலை முதல் ஒக்ரோபர் வரை ஊதிய முரண்பாட்டினை முன்வைத்து ஆசிரியரும் அதிபரும் நாடளாவிய முறையில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். அதிபரும் ஆசிரியரும் ஒரே அணியில் நின்ற அப்போராட்டம், வகுப்பறை அதிகாரப் படிநிலை மாறமுடியாத இயற்கை நியதியன்று என்பதனை ஒரு கணம் காட்டிச் சென்றது.

நிருவாகத் தரப்பிலிருந்தும் பகிர்வு பேசப்பட்டது. 2006 இல் தொடங்கப்பட்ட பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், பாடசாலை மட்டத்திலே முடிவெடுக்கும் குழுக்களை அமைத்தது. அதிபர், ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் ஆகியோர்க்கு அவற்றில் இடமளிக்கப்பட்டது. பாடசாலையை விட்டுச் சென்ற மாணவருக்குக் கதிரையுண்டு, அதிற் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இல்லை என்பது கவனிப்புக்குரியது. இன்றைய மாணவருக்கென மாணவர் பாராளுமன்றங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வாக்களிப்பு உண்டு, அமைச்சர் உண்டு, சபாநாயகரும் உண்டு. பாடசாலையின் பணத்தையோ நேரசூசியையோ ஒழுக்க விதியையோ பற்றித் தீர்மானிக்கும் உரிமை மாத்திரம் இல்லை. மேலும், அரசின் ஒதுக்கீடு போதாதவிடத்துப் 'பங்களிப்பு' என்பது பெற்றாரிடம் பணம் திரட்டுவதாகவே முடிகின்றது. சுமை பகிரப்படுகின்றது, அதிகாரம் பகிரப்படுவதில்லை. வறிய பெற்றார் கொடுப்பதற்கு இயலாமையினாலேயே கூட்டத்துக்கு வராது விடுகின்றனர். அன்று சாதியினால் தரையில் இருத்தப்பட்டோரின் சந்ததியினரில் ஒரு பகுதியினர் இன்று வறுமையினால் வாசலில் நிற்கின்றனர்.

ஆகவே, ஒரு பாடசாலையிலே தலைமை பகிரப்பட்டுள்ளதா என்பதனை அளப்பதற்கு நமது வரலாறு மூன்று வினாக்களைத் தருகின்றது. முதலாவது, ஆசிரியரோ மாணவரோ ஒரு முடிவினை மறுத்துரைத்தால் அவருக்கு என்ன நேரும்? நீக்கமோ இடமாற்றமோ தண்டனையோ நேருமாயின் அங்கு பகிர்வில்லை. இரண்டாவது, பாடசாலையின் கணக்கினைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் யாருக்கு உரிமையுண்டு? முகாமையாளர் காலத்திலிருந்து இன்றுவரை அதிகாரத்தின் இருப்பிடம் கணக்கேட்டிலேயே இருந்து வந்துள்ளது. மூன்றாவது, கூட்டத்திலே இல்லாதவர் யார்? வந்தவர்களை எண்ணுவது எளிது. வராதவர்களை எண்ணும்போதே ஒரு பாடசாலையின் உண்மையான ஆட்சியமைப்புத் தெரியவரும்.

இவ்வினாக்களுக்குச் சுற்றறிக்கையாற் பதில் கிடைக்கும் என நாம் நம்பவில்லை. ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு பாடசாலை ஆட்சியையும் தம் கோரிக்கையாக்குதல் வேண்டும். மாணவரைத் தம் ஆணைக்கு உட்பட்டவராகவன்றித் தம் தோழராகக் கொள்ளும் மனத்துணிவு ஆசிரியருக்கு வேண்டும். மேலிருந்து தமக்கு மறுக்கப்படும் உரிமையைக் கீழுள்ளோருக்குத் தாமே மறுக்கும் ஆசிரியர், தம் உரிமைக்காக நீண்டநாட் போராட இயலாது. வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த ஆசிரியர் தம் மாணவரோடு ஒரே அரங்கில் அமர்ந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வரங்கு பாடசாலைக்கு வெளியே இருந்தது. அதனை உள்ளே கொணர்வதும், அன்று அதில் இடம்பெறாதோரை அதில் அமர்த்துவதும் இன்னும் முடிக்கப்படாத பணிகளாகவே உள்ளன.